டயர் அளந்த பக்கம்

வேகம் காட்டும் முள் செத்துப்போன பஸ்ஸில் நீங்களும் போயிருப்பீர்கள். நம் சிறுவயதில் ஓடிய பஸ்களில் பாதி அப்படித்தான். கண்ணாடிக்குள்ளே முள் ஒரு மூலையில் படுத்துக் கிடக்கும்; டிரைவர் காதால் கேட்டுத்தான் ஓட்டுவார். முன் சீட்டில் இடம் கிடைத்தவர்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கும், எஞ்சின் பக்கமிருந்து காலில் அடிக்கும் அனலும், பெட்ரோல் வாடையோடு கலந்து வரும் கூடைக் கறிவேப்பிலை வாசனையும். ஒரு வருஷத்துக்கு மேல் அந்த முன் சீட்டு எனக்கே சொந்தமாக இருந்தது. அதற்குக் காரணம் என் தாய்மாமன்.

அன்னூருக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். அன்னூரிலிருந்து கோயமுத்தூருக்கு ஓடிய இரண்டு பஸ்களில் ஒன்று மாமனுடையது. எனக்குப் பதினோரு வயது. கணக்கில் கெட்டி என்று ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார் சொன்னதைக் கேட்டு, என்னை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்த்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் மாமன்தான். பொட்டைப்பிள்ளையைத் தினம் டவுனுக்கு அனுப்புவதா என்று ஒறம்பரைச் சொந்தங்கள் முகத்தைச் சுளித்தபோது அவர் சிரித்தார்.

“என்ற வண்டியில என்ற மருமக போறா. உங்களுக்கென்ன வந்துச்சு?”

மாமனுக்கு ஒரே மகன். அவன்தான் எனக்கு முறை மாப்பிள்ளை என்று இரண்டு வீட்டிலும் எப்போதோ முடிவாகியிருந்தது. அதைப் பற்றியெல்லாம் எனக்கு அப்போது கவலை இல்லை. மாமன் மடியில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்ன பிள்ளை நான். அந்தக் காலத்தில் என்னை ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்த ஒரே பெரிய மனிதர் அவர்.

டவுன் பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஒரு நாள் வண்டிச் சக்கரக் கணக்குக் கொடுத்தார். சக்கரத்தின் சுற்றளவு இத்தனை அடி, ஒரு மைல் போக எத்தனை சுற்றுச் சுற்றும்? வகுப்பிலேயே முதலில் போட்டு முடித்தேன். மறுநாள் காலையில் பஸ் கிளம்புவதற்கு முன்னால் டிரைவரண்ணனைக் கேட்டேன்.

“அண்ணா, நம்ம பஸ்ஸு சக்கரம் மைலுக்கு எத்தன சுத்து சுத்தும்?”

அவருக்கு முப்பது வயதிருக்கும். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். காக்கிச் சட்டையில் பித்தளை வில்லை மின்னும். போலீஸ் ஆபீஸில் கொடுத்த நம்பர் அதில் வெட்டியிருக்கும். அந்த வில்லை இல்லாமல் வண்டி ஓட்டக்கூடாது. தினமும் புளி போட்டுத் தேய்ப்பார் போலிருக்கிறது.

“தெரியலீங்களே அம்மணி. அளந்து பாத்துப்போடலாமா?” என்றார்.

டயரின் அடியில் சாக்கட்டியால் ஒரு கோடு, அதற்கு நேரே தரையில் ஒரு கோடு. பஸ்ஸைத் தள்ளி, டயர்க் கோடு ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி தரையைத் தொட்ட இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே சணல் கயிறு. கயிற்றை என் அடிக்கோலால் அளந்தேன். எட்டடி ஒன்பதரை அங்குலம். மைலுக்கு அறுநூறு சுற்று.

டிரைவரண்ணன் அதோடு விடவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது சக்கரத்தின் சுற்று இல்லை, எஞ்சினின் சுற்று. போன வருஷம் எஞ்சின் அளவுக்கு மிஞ்சி ஓடி, உள்ளே தண்டைத் தாங்குகிற பேரிங்கின் ஈயம் உருகிப்போனதாம். நிமிஷத்துக்கு ஆயிரத்து எழுநூறு சுற்றைத் தாண்டி ஓடவிடாதே என்று எஞ்சினைப் பழுது பார்த்த டவுன் மிஸ்திரி சொல்லியிருந்தார். தாண்டுகிறதா இல்லையா என்று முள் இல்லாத வண்டியில் எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பின்சக்கரங்களையும் ஜாக்கியில் தூக்கி வைத்தார். ஓடும்போது போடுகிற கடைசிக் கியரைப் போட்டுவிட்டு, முன்னால் போய் ஸ்டார்ட் பண்ணும் ஹாண்டிலை மெல்லச் சுற்றினார். நான் பின்னால் குந்திக்கொண்டு சாக்கட்டிக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹாண்டில் பதினொரு சுற்றுச் சுற்றியபோது சக்கரம் சரியாக இரண்டு சுற்று. அப்படியானால் சக்கரம் ஒரு சுற்றுக்கு எஞ்சின் ஐந்தரைச் சுற்று. மைலுக்கு மூவாயிரத்து முந்நூறு. ஒரு மைல்கல்லிலிருந்து அடுத்த மைல்கல்லுக்கு இரண்டு நிமிஷத்தில் போனால் எஞ்சின் நிமிஷத்துக்கு ஆயிரத்து அறுநூற்று ஐம்பது. மிஸ்திரி சொன்ன எல்லைக்குள்ளே.

எனக்குப் பிடித்த விளையாட்டு அதுவாகிவிட்டது. நேரம் தவறக்கூடாது என்பதற்காக மாமன் டிரைவரண்ணனிடம் ஒரு பாக்கெட் கடிகாரம் கொடுத்திருந்தார். ஓடும்போது அது என் மடியில் இருக்கும். மைல்கல் தாண்டியதும் பார்ப்பேன், அடுத்த கல்லில் பார்ப்பேன், கணக்கைப் போட்டுச் சத்தமாகச் சொல்வேன். “ஆயிரத்தி அறநூத்தி அம்பது!” டிரைவரண்ணன் தலையை ஆட்டுவார். சில நாள் நான் சொல்வதற்கு முன்னால் காதை வைத்தே அவர் சொல்லிவிடுவார். இருபது முப்பது சுற்றுக்கு மேல் தப்பாது.

ஒரு நோட்டுப்புத்தகத்தில் இதையெல்லாம் எழுதி வைத்தேன். முதல் பக்கத்தில் டயர் அளவு, எந்த நேரத்துக்கு எத்தனை சுற்று என்ற பட்டியல். அடுத்த பக்கங்களில் தேதியும் அன்றைய எஞ்சின் சுற்றும் மட்டும். மைலுக்கு எவ்வளவு நேரமாயிற்று என்பதை எழுதமாட்டேன். அதை மனக்கணக்காகவே போட்டுவிடுவேன், விடையை மட்டும் எழுதுவேன். அதில் எனக்கு ஒரு பெருமை. இப்போது நினைத்தால் அந்தப் பெருமையின் மேல்தான் முதலில் கோபம் வருகிறது.

மாசி மாதம் பின்டயர்கள் இரண்டும் தேய்ந்துபோய் நூல் தெரிய ஆரம்பித்தது. மாமன் மதுக்கரைப் பக்கம் உடைத்துப்போட்ட ஒரு லாரியிலிருந்து இரண்டு சக்கரங்களை டயரோடு கொண்டுவந்து மாட்டச் சொன்னார். பார்த்தாலே தெரியும், பழையதைவிடச் சின்னது. அன்று பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போவதற்குள் டிரைவரண்ணனின் முகம் மாறிவிட்டது. அதே இரண்டு நிமிஷத்தில்தான் மைலைத் தாண்டினோம். ஆனால் எஞ்சின் கத்தியது.

மறுநாள் காலையில் மறுபடி அளந்தோம். என்னைப் பஸ் ஏற்ற வந்த அப்பாதான் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். ஏழடி எட்டு அங்குலம். கணக்குப் போட்டேன். மைலுக்கு இரண்டு நிமிஷம் என்றால் இப்போது எஞ்சின் சுற்று ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று நான்கு. எல்லைக்குள் ஓட்டவேண்டுமானால் மைலுக்குப் பதினான்கு நொடி கூட எடுத்துக்கொள்ள வேண்டும். டவுன் போய்ச் சேர நாலரை நிமிஷம் பிந்தும். அதையெல்லாம் முதல் பக்கத்திலேயே, பழைய அளவுக்குக் கீழே, சிவப்புப் பென்சிலில் எழுதினேன்.

“ஏனுங்க அம்மணி, இத நீங்களே மாமன்கிட்டக் காட்டிப்போடுங்க. நாஞ் சொன்னா, வண்டி ஓட்டச் சோம்பேறித்தனப்படறான்னு நெனைப்பாருங்க. நீங்க சொன்னாக் கேப்பாரு” என்றார் டிரைவரண்ணன்.

அன்று சாயங்காலமே காட்டினேன். மாமன் நோட்டை வாங்கி வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, வரி வரியாகப் படித்தார். ஒன்றிரண்டு இடத்தில் கேள்வி கேட்டார். பதிலைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டார்.

“இங்க வந்து பாரு தங்கச்சி, உன்ற புள்ள எஞ்சினியர் ஆயிட்டா!”

“டயர மாத்திருவீங்களா மாமா?”

“அடுத்த வாரம் மாத்திப்போடலாங் கண்ணு.”

மறுநாள் டிரைவரண்ணனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “செரிங்க அம்மணி, ஒரு வாரந்தானுங்க. மெதுவா ஓட்டிக்கலாம்” என்றார். மெதுவாகத்தான் ஓட்டினார், மூன்று நாள். நான்காம் நாள் அன்னூரில் மாமன் பஸ்ஸுக்கு முன்னால் நின்றுகொண்டார். போட்டி பஸ்காரன் முன்னால் போய் வழியில் நிற்கிற ஆட்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறானாம். “பழைய நேரத்துக்கு டவுன்ல வண்டி நிக்கோணும். முடியாதுன்னா சாவியக் குடு, வேற ஆளப் பாக்கறேன்.” இவ்வளவையும் அவர் என் முன்னால்தான் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்து, கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

அடுத்த வாரமும் டயர் மாறவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. நான் மட்டும் எழுதிக்கொண்டே வந்தேன். ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று நான்கு. ஆயிரத்து எண்ணூற்று எண்பது. மறுபடி தொண்ணூற்று நான்கு.

ஒரு நாள், கோவில்பாளையம் தாண்டி ஒரு இறக்கம். காலை வெயில் முதுகுப் பக்கம் அடித்தது. முதலில் உலக்கையால் இடிப்பதுபோல ஒரு சத்தம், உடனே பெரிதாக ஒரு வெடி. முன் பலகை இடுக்கு வழியாகச் சூடான எண்ணெய் சீறி டிரைவரண்ணனின் வலது காலில் அடித்தது. அவர் கத்தவில்லை. எதிரே பஞ்சு மூட்டை ஏற்றிய மாட்டுவண்டிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. வண்டியை அப்படியே இடது பக்கம் ஒடித்து, வேலியை உடைத்துக்கொண்டு ஒரு பருத்தித் தோட்டத்துக்குள் விட்டார். ஈர மண்ணில் சக்கரம் புதைந்து பஸ் நின்றது. காய் வெடித்து நின்ற பருத்திச் செடிகள் ஜன்னல் வழியாக உள்ளே நீட்டிக்கொண்டிருந்தன.

சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாளுக்குக் கை முறிந்துவிட்டது. மற்றவர்களுக்குச் சிராய்ப்புத்தான். டிரைவரண்ணன் வெந்த காலோடு என்னைத் தூக்கி வெளியே விட்டார். “நோட்டுப் பத்திரமா இருக்குதுங்களா அம்மணி?” என்பதுதான் அவர் முதலில் கேட்டது. எனக்கு அப்போது அது புரியவில்லை. அவருக்கு எல்லாம் அந்த நிமிஷத்திலேயே புரிந்திருந்தது.

போலீஸில் விபத்தை எழுதிவிட்டார்கள். வண்டியின் குறை என்று ஆனால் மாமனுடைய பஸ் உரிமம் போகும், வழக்கும் வரும். டிரைவரின் குறை என்று ஆனால் வில்லை போகும். மூன்றாம் நாள் இன்ஸ்பெக்டர் எங்கள் ஊருக்கே வந்து விசாரிப்பதாகச் சொன்னார்கள். அதற்குள் பஸ்ஸை இரண்டு ஜோடி மாடுகள் கட்டி இழுத்துவந்து மாமன் வீட்டுக் களத்தில் நிறுத்தியிருந்தார்கள்.

அன்று காலை அம்மா எனக்கு வெகுநேரம் தலை சீவிவிட்டாள். சிக்கே இல்லாத இடத்தில்கூடச் சீப்பு போய்ப் போய் வந்தது.

களத்தில் பஸ்ஸைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். பின்சக்கரங்கள் பழையவை. நூல் தெரியும் அதே பெரிய டயர்கள்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டிரைவரண்ணன் காலில் துணியைச் சுற்றிக்கொண்டு நின்றார். “டயரு மாத்தியிருக்குதுங்க. ஓடும்போது சின்ன டயருங்க. அம்மணி நோட்டுல அளவெல்லாம் இருக்குதுங்க” என்று அமைதியாகச் சொன்னார். என்னைப் பார்த்த பார்வையில் பயமே இல்லை.

பையிலிருந்து நோட்டை எடுத்துத் திறந்தேன். முதல் பக்கம் இல்லை. தையல் ஓரத்தில் பல் பல்லாகக் கொஞ்சம் காகிதம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து மாமனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு பக்கத்தக் காணமுங்க” என்றேன். “அதுலதான் சின்ன டயரு அளவு இருந்துச்சுங்க. அப்பாதான் கயிறு புடிச்சாரு.”

இன்ஸ்பெக்டர் அப்பா பக்கம் திரும்பினார். “அப்படீங்களா?”

அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். “கொழந்தைங்க கூடக் கயித்த வெச்சு வெளையாடியிருப்பனுங்க. எந்த டயரு, என்ன அளவுன்னெல்லாம் நான் பாக்கலீங்க.”

என் அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இன்ஸ்பெக்டர் நோட்டின் மற்றப் பக்கங்களைப் புரட்டினார். நல்ல மனிதர்தான், குரலில் அதட்டல் இல்லை. “இந்த நம்பரெல்லாம் நீயே போட்டதா? எங்கே, எனக்குப் போட்டுக் காட்டு பார்க்கலாம்” என்றார். நிற்கிற பஸ்ஸின் டயரை அளக்கச் சொன்னார். நான்கு பேர் தள்ளினார்கள். எட்டடி ஒன்பதரை அங்குலம். சிலேட்டு கொடுத்தார்கள். மைலுக்கு அறுநூறு. அறுநூறை ஐந்தரையால் பெருக்கினேன். மூவாயிரத்து முந்நூறு. “சரி. எஞ்சின் நிமிஷத்துக்கு ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று நாலு சுற்று என்று நீ எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் இந்த டயரில் வண்டி மணிக்கு எத்தனை மைல் போயிருக்கும்?”

வகுத்துக்கொண்டிருக்கும்போதே விடை என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. கை நின்றது.

“போடு கண்ணு” என்றார் மாமன். அன்று அவர் பேசியது அது ஒன்றுதான்.

போட்டேன். மைலுக்கு ஒன்றே முக்கால் நிமிஷம். மணிக்கு முப்பத்து நான்கு மைல். அந்தச் சாலைக்கு அனுமதித்த வேகம் முப்பது.

“அது சின்ன டயருங்க, ரெண்டு நிமிசந்தானுங்க ஆச்சு” என்று அழுதேன். நேரத்தை எங்கே எழுதியிருக்கிறாய் என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். எங்கேயும் எழுதவில்லை.

டிரைவரண்ணன் சட்டையிலிருந்து வில்லையைக் கழற்றினார். ஊசி சிக்கிக்கொண்டது, துணி கிழிந்து வந்தது. கொடுத்துவிட்டு என்னைக் கடந்து போனார். அப்போது ஒரு தரம் பார்த்தார். அந்தப் பார்வையை எப்படிச் சொல்வது? அவர் மாமனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

அதோடு என் டவுன் படிப்பும் நின்றது. ரோட்டில் இனிப் பயம் என்று அம்மா சொன்னாள். மாமன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் தொழுவத்துப் பக்கம் போய்விடுவேன். பெரியவளானபோது தாய்மாமன் சீர் என்று அவர் கொண்டுவந்த பட்டுப்பாவாடையை உடுத்தமாட்டேன் என்று சொல்லி அடி வாங்கினேன். பிறகு உடுத்தினேன். மாமன் மெலிந்துகொண்டே வந்தார். பஸ்ஸை விற்றுவிட்டார். என்னிடம் ஏதோ சொல்ல வருவதுபோல வருவார், திரும்பிப் போய்விடுவார். குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்துக்கொண்டேன்.

பதினேழு வயதில் கல்யாணப் பேச்சு வந்தது. மாமன் மகனுக்கே கொடுப்பதாக. அம்மா அடுப்படியில் சோளத்தை முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தாள்.

“அந்தக் காயிதத்தக் கிழிச்சவரு ஊட்டுக்கு நான் போகமாட்டேன்” என்றேன்.

முறம் நின்றது.

“அவரு கிழிக்கல” என்றாள் அம்மா. “நாந்தான் கிழிச்சேன். தண்ணி காய வெக்கற அடுப்புல போட்டேன்.”

நான் அடுப்படி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

“இன்ஸ்பெக்டர் வர்றதுக்கு மொத நாள் ராத்திரி அண்ணன் வந்து உக்காந்தாரு. ஒண்ணுஞ் சொல்லல. உன்ற பையப் பாத்துட்டே இருந்தாரு. சோறு போட்டேன், தொடாம எந்திரிச்சுட்டாரு. அத்தனைதான். எங்கண்ணனப் போலீசுக் கச்சேரில கொண்டுபோய் நிறுத்தறதுக்கா உன்னப் பெத்தேன்?” முறத்தை மறுபடி எடுத்தாள். “போகமாட்டீன்னா போகாத. ஆனா அவரு மேல பழி போடாத.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியாமயா அப்பிடிச் சொன்னாரு?”

மாமன் கையால் செய்யாததை அவருக்காக இரண்டு பேர் செய்திருந்தார்கள், ஒருவர் என் பையைத் திறந்து, ஒருவர் பொய் சொல்லி. ஐந்து வருஷம் நான் தவறான ஆளிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சரியான ஆளின் கையால் சோறு வாங்கித் தின்றிருக்கிறேன். மாமனும் ஒன்றும் சுத்தமில்லை. சக்கரத்தை மாற்றியவர் அவர்தான். ஆனால் என்னுடைய பையைத் தொட்டது அவர் இல்லை. அந்தக் கல்யாணத்துக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. மாமனும் வற்புறுத்தவில்லை.

என்னைக் கோயமுத்தூர் உக்கடத்தில் கட்டிக்கொடுத்தார்கள். முதல் பிள்ளைக்கு ஆறு மாதம் இருக்கும்போது அம்மா வந்து தங்கியிருந்தாள். பிள்ளைக்குச் சளி என்று டாக்டரிடம் காட்டிவிட்டு ஜட்கா வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம். பிள்ளை அம்மா மடியில். வண்டிக்காரரிடம் நான் தெருவின் பெயரைச் சொன்னதும் அவர் சட்டென்று திரும்பினார். தலை பாதி நரைத்திருந்தது. வலது காலில் முழங்காலுக்குக் கீழே தோல் சுருங்கிப் பளபளவென்றிருந்தது.

“அம்மணிங்களா?” என்றார்.

பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். வீட்டுக்காரரைப் பற்றி விசாரித்தார். அம்மாவை அவருக்கு அடையாளம் தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. குளக்கரை மேலே வண்டி போய்க்கொண்டிருந்தபோது அவர் முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

“ஒண்ணு கேக்கறனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. அன்னிக்கு அந்தப் பக்கத்த யாருங்க கிழிச்சது? உங்க மாமன் கிழிச்சிருந்தா எனக்கு ஒண்ணும் வருத்தமில்லீங்க, மொதலாளி அப்பிடித்தான் செய்வாரு. நீங்க கிழிச்சிருப்பீங்களோன்னு நெனைக்கறப்பத்தானுங்க மனசு கேக்க மாட்டீங்குது.”

மாமன் என்று சொல்லியிருந்தால் போதும். அவர் நிம்மதியாகப் போயிருப்பார். ஆனால் அந்தப் பொய்யை ஐந்து வருஷம் நானே சுமந்திருந்தேன். மறுபடி எடுக்க முடியவில்லை. அம்மா என்று சொல்ல வாய் வரவில்லை. பக்கத்தில் அம்மா பிள்ளையின் துணியை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். குதிரை பத்துப் பதினைந்து அடி வைத்திருக்கும். அவள் சொல்லவில்லை.

“நாந்தானுங்க அண்ணா கிழிச்சேன்” என்றேன்.

அம்மாவின் காதில் விழுந்து உறைக்கவேண்டும் என்றுதான் சொன்னேன். அவர் கேட்கிறார் என்பதை அந்த ஒரு நொடி மறந்துவிட்டேன்.

அவர் கடிவாளத்தைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். “செரிங்க அம்மணி” என்றார். “பொடுசு நீங்க. என்ன பண்ணுவீங்க, பாவம்.” பிறகு குதிரையைத் தட்டினார். திருத்திச் சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தை வருவதற்குள் எங்கள் தெரு வந்துவிட்டது.

வாசலில் முதலில் நான் இறங்கினேன். அம்மா பிள்ளையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, இறங்குவதற்குப் பிடித்துக்கொள்ள இன்னொரு கையை என்னிடம் நீட்டினாள். நான் பிள்ளையை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். திண்டாடிக்கொண்டிருந்த அவளை டிரைவரண்ணன்தான் கைபிடித்து இறக்கிவிட்டார்.